திருகோணமலை: பிரதேசம், மொழி, தேசம்

திருகோணமலை மாவட்டத்திற் கிடைத்த பதினோராம் நூற்றாண்டுத் தமிழ்ச் சாசனங்களுட் சிலவற்றை அருகருகே வைத்து நோக்கும்பொழுது, இன்றைய அரசியல் வாதங்களுக்கு இடைஞ்சலான செய்தியொன்று தோன்றுகின்றது. நகருக்கு வடமேற்கே பெரியகுளத்தில் உள்ள வெல்காம விகாரை பௌத்தப் பள்ளியாகும். சோழர் ஆட்சிக் காலத்தில் அதற்கு இராசராசப் பெரும்பள்ளி என்னும் பெயர் வழங்கியது. விளக்கெரிப்பதற்கும் பசுக்கள் வழங்குவதற்கும் அங்கே அறக்கட்டளை செய்தோர் தம் கொடைகளைத் தமிழிலேயே பொறித்துள்ளனர். இதற்கு மறுதலையாக, கந்தளாயை அடுத்த பளமோட்டையிற் கிடைத்த சாசனம், சோழரை இலங்கையிலிருந்து வெளியேற்றிய முதலாம் விஜயபாகுவின் ஆட்சியாண்டினைக் குறிப்பிடுவது. அது கூறுவதோ ஒரு சிவாலயத்தைப் பற்றி. தென்கயிலாசம் எனவும் விஜயராஜ ஈஸ்வரம் எனவும் பெயர் பெற்ற அக்கோயிலுக்குப் பிராமணப் பெண்ணொருத்தி அளித்த கொடையும், அக்கொடையைக் காக்கும் பொறுப்பு வேளைக்காரப் படையினரிடம் ஒப்படைக்கப்பட்டமையும் அதிற் கூறப்படுகின்றன. அதுவும் தமிழ்ச் சாசனமே.

சோழ மன்னன் பெயரைப் பௌத்தப் பள்ளி தாங்கிற்று. சிங்கள மன்னன் பெயரைச் சிவன் கோயில் தாங்கிற்று. இரண்டையும் பதிவு செய்த மொழி ஒன்றாயிருந்தது. பௌத்த எச்சம் யாவும் சிங்களவர்க்குரியன என்போருக்கும், தமிழ்ச் சாசனம் யாவும் சைவரின் உரிமைப் பத்திரங்கள் என்போருக்கும் இச்சான்றுகள் ஒருங்கே சங்கடம் தருவன. இவற்றைக் கொண்டு பழங்காலம் சமரசம் நிலவிய பொற்காலம் என்று வாதிடுவது எமது நோக்கமன்று. மகாசேனன் கோகண்ணத்தில் தேவாலயத்தை அழித்து விகாரை அமைத்தான் என மகாவம்ச மரபு கூறுகின்றது; சோழர் வந்ததும் படையெடுப்பினாலேயே. போர்த்துக்கேயத் தளபதி கொன்ஸ்தந்தீனு த சா கோணேசர் கோயிலை இடித்துக் கோட்டை கட்டியமை 1620களில் நிகழ்ந்தது. மோதல்கள் இருந்தன. ஆனால் மக்கள் வழங்கும் மொழியே அவர்கள் வாழும் நிலத்தின் எல்லையைத் தீர்மானிக்கும் என்னும் எண்ணம் அம்மோதல்களுக்கு அடிப்படையாயிருந்ததெனக் கொள்வதற்குச் சான்றில்லை. அவ்வெண்ணம் எப்பொழுது, எத்தகைய சூழலில் இம்மாவட்டத்திற்கு வந்தது என்பதே இங்கு ஆராயப்படுவது.

பதினேழாம், பதினெட்டாம் நூற்றாண்டுகளில் இப்பகுதியின் சமூக அமைப்பு குளத்தையும் கோயிலையும் துறைமுகத்தையும் சுற்றி அமைந்திருந்தது. கோணேசர் கல்வெட்டு என்னும் நூல் கூறும் மரபின்படி, குளக்கோட்டன் கோணேசர் கோயிலைக் கட்டிக் கந்தளாய்க் குளத்தையும் அமைத்து, ஆலயத் தொழும்புக்கெனத் தானத்தார், வரிப்பத்தார் முதலிய குடிகளை இருத்தி, வன்னிபத்தையும் நியமித்தான். அதே குளத்தைச் சூளவம்சம் இரண்டாம் அக்கபோதியுடன் தொடர்புபடுத்தும். எவர் கட்டினார் என்பதிற் பிற்காலத்தவர் காட்டும் வேகத்தைக் காட்டிலும், அக்குளத்தின் நீர் தம்பலகாமத்து வயல்களுக்குப் பாய்ந்து, அவ்வயல்களின் விளைவு கோயிலுக்கும் குடிகளுக்கும் பங்கிடப்பட்ட முறைமையே சமூக வரலாற்று மாணவனுக்கு முக்கியமானது. வன்னிமைகள் தமிழ்த் தலைவர்களாலே ஆளப்பட்டன. ஆயினும் கொட்டியாரம் நெடுங்காலம் கண்டியரசனின் மேலாண்மையை ஏற்றிருந்தது. 1660இல் ரொபேட் நொக்ஸும் அவருடைய தோழரும் கொட்டியாரக் குடாவிலே பிடிபட்டபொழுது அவர்களைப் பிடித்தோர் கண்டி மன்னனின் ஆட்களே. 1766ஆம் ஆண்டு உடன்படிக்கையினால் ஒல்லாந்தர் கரையோரம் முழுவதையும் பெற்ற பின்னரே கண்டிக்கும் இக்கடற்கரைக்குமிருந்த அரசியற் பிணைப்பு அறுந்தது. மூதூர், வெருகல் கரையோரங்களில் வாழும் வேடர் தமிழ் பேசுபவர் என்பதையும் இங்கே சேர்த்துக் கொள்ளுதல் வேண்டும். அவர்களைத் தமிழர் என்பதா, வேடர் என்பதா என்ற வினா வெளியிலிருந்து வரும் ஆராய்ச்சியாளருக்கே எழுந்தது.

பிரித்தானியர் ஆட்சியில் ‘பிரதேசம்’ என்பது நிருவாக எல்லையாயிற்று. 1833இல் கோல்புறூக் சீர்திருத்தத்தை ஒட்டி இலங்கை ஐந்து மாகாணங்களாகப் பிரிக்கப்பட்டபொழுது கிழக்கு மாகாணத்தில் தமன்கடுவையும் அடங்கியிருந்தது. 1873இல் வட மத்திய மாகாணம் உருவாக்கப்பட்டபொழுது அது பிரித்தெடுக்கப்பட்டது. நிருவாக வசதிக்காகக் கீறப்பட்ட இக்கோடுகளே இருபதாம் நூற்றாண்டிற் பாரம்பரியத் தாயகத்தின் எல்லைகளாக வாதிக்கப்பட்டன. அவ்வாதத்திற்கு அடிக்கடி துணைக்கழைக்கப்படுவது 1799ஆம் ஆண்டுக் கிளெக்கோர்ண் குறிப்பு. பண்டைக்காலந் தொட்டு இரண்டு வேறுபட்ட தேசத்தார் இத்தீவைத் தமக்குள் பகிர்ந்திருந்தனர் என அது கூறுவது உண்மையே. ஆயின் தீவுக்கு வந்து சில காலமே ஆகியிருந்த ஓர் அதிகாரியின் கருத்தை மூலச்சான்றாக மதிப்பது வரலாற்று முறையாகாது. அதைவிடப் பெரியகுளத்துக் கற்கள் நம்பத்தக்கன.

இவ்விடத்தில், பலர் மறந்துவிட்ட செய்தியொன்றை நினைவுகூர்தல் தகும். இலங்கையிற் சமஷ்டிக் கோரிக்கையை முதலில் எழுப்பியோர் தமிழரல்லர். 1926இல் இளைஞரான எஸ். டபிள்யூ. ஆர். டி. பண்டாரநாயக்க அதனைப் பத்திரிகைக் கட்டுரைகளிலும் யாழ்ப்பாணத்தில் நிகழ்த்திய உரையிலும் ஆதரித்தார். அடுத்து, கண்டித் தேசிய சபையினர் கண்டிப் பிரதேசம், கரையோரச் சிங்களப் பிரதேசம், வடகிழக்கு என மூன்று சுயாட்சி அலகுகளைக் கோரி டொனமூர் ஆணைக்குழுவின் முன் வாதாடினர். ஒரே மொழி பேசிய கண்டிச் சிங்களவரும் கரைநாட்டுச் சிங்களவரும் தம்மைத் தனித்தனிப் பிரதேசத்தாராகக் கருதிய காலம் அது. முப்பது ஆண்டுகள் கழியுமுன் அவ்வேறுபாடு அரசியலிலிருந்து ஏறக்குறைய மறைந்தது. பிரதேசத்தை மொழி விழுங்கிற்று என்று கூறலாம். தமிழர் தரப்பிலும் யாழ்ப்பாணம், மட்டக்களப்பு, வன்னி, மலையகம் ஆகியவற்றின் வேறுபாடுகள் ‘தமிழ் பேசும் மக்கள்’ என்னும் ஒரு தொடருள் அடக்கப்பட்டன.

அவ்விழுங்கல் திருகோணமலையில் மட்டும் நிறைவேறாமற் போனதற்குக் காரணம் காணி. 1881ஆம் ஆண்டுக் குடிசன மதிப்பின்போது மாவட்டத்தில் ஏறத்தாழ இருபத்தீராயிரம் மக்களே வாழ்ந்தனர். சிங்களவர் நூற்றுக்கு ஐவரிலும் குறைவு. 1981இல் மாவட்டத்தின் சனத்தொகை இரண்டரை இலட்சத்தைத் தாண்டியபொழுது சிங்களவர் மூன்றிலொரு பங்கினராயினர். இம்மாற்றத்தின் பெரும்பகுதி கந்தளாய், அல்லை முதலிய குடியேற்றத் திட்டங்களினால் விளைந்தது. திட்டமிட்டவரின் நோக்கத்தையும் குடியேறியவரின் நிலையையும் ஒன்றாகக் குழப்புதல் நேர்மையாகாது. வந்தோரிற் பெரும்பாலார் ஈரவலயத்தின் நிலமற்ற விவசாயிகள்; பெருந்தோட்டங்கள் விரிந்த காலத்தில் தம் கிராமங்களின் காடும் மேட்டுநிலமும் பறிபோனவரின் வழித்தோன்றல்கள். கொழும்பில் ஒப்பமிட்ட அமைச்சர்களுக்குத் தொகுதி எல்லைகளும் வாக்குகளும் நினைவிலிருந்திருக்கலாம். மண்வெட்டியோடு வந்தவனுக்கு ஐந்து ஏக்கர் வயலே நினைவிலிருந்தது. ஆனால் அவ்வயல் தம்பலகாமத்து நிலமற்றவனுக்கோ கிண்ணியாவின் நிலமற்றவனுக்கோ ஏன் முதலிற் கிடைக்கவில்லை என்ற வினாவும் அதே அளவு நியாயமானது.

மொழிச் சட்டம் இந்நிலைமையின்மீதே வந்து விழுந்தது. சிங்களத்தை மட்டும் அரசகரும மொழியாக்கிய 1956ஆம் ஆண்டு 33ஆம் இலக்கச் சட்டம் நிறைவேறிய சில வாரங்களில், ஆகஸ்ட் மாதத்தில், தமிழரசுக் கட்சி தன் மாநாட்டைத் திருகோணமலையிற் கூட்டிற்று. பல திசைகளிலிருந்தும் தொண்டர்கள் கால்நடையாக வந்து சேர்ந்தனர். சமஷ்டி அமைப்பு, தமிழுக்குச் சம அந்தஸ்து, மலையகத் தமிழருக்குக் குடியுரிமை, அரச குடியேற்றங்களை நிறுத்துதல் என்பன அங்கு முன்வைக்கப்பட்ட கோரிக்கைகள். இதே கட்சி 1951இலும் இந்நகரிலேயே மாநாடு கூட்டியிருந்தது. யாழ்ப்பாணத்தில் வேரூன்றிய ஒரு கட்சி மீண்டும் மீண்டும் இங்கே வந்தமை தற்செயலன்று. மொழி பறிக்கப்படுவதை யாழ்ப்பாணத்தான் விண்ணப்பப் படிவத்திற் கண்டான். நிலம் பறிக்கப்படுவதைத் திருகோணமலையான் வாய்க்காலிற் கண்டான். இரண்டையும் ஒரே கோரிக்கையாக இணைப்பதற்கு ஏற்ற களம் இதுவே. அதே ஆண்டு நவம்பரில் இந்தியா தன் மாநிலங்களை மொழிவழியாக மாற்றியமைத்தது. ஓர் அயல்நாடு பல மொழிகளை அரசியலமைப்புக்குள் இடங்கொடுத்து ஏற்ற வேளையில், இலங்கை ஒன்றைத் தேர்ந்து மற்றதை வெளியே நிறுத்திற்று.

1957ஆம் ஆண்டு இம்மாவட்டத்தின் வரலாற்றிலே தனித்து நோக்கத்தக்கது. அவ்வாண்டு பெப்ரவரி 4ஆம் நாள், சுதந்திர தினத்தன்று, நகரிற் கறுப்புக் கொடி ஏற்ற முயன்ற நடராசன் என்னும் இளைஞர் சுட்டுக் கொல்லப்பட்டார். ஒக்டோபர் 15ஆம் நாள் பிரித்தானியக் கடற்படைத்தளம் இலங்கையிடம் ஒப்படைக்கப்பட்டது. 1795இல் ஒல்லாந்தரிடமிருந்து பறிக்கப்பட்டு, 1942 ஏப்பிரலில் யப்பானிய விமானங்களின் தாக்குதலுக்கு உள்ளான அத்துறைமுகம் மீண்டமை தேசிய வெற்றி என்பதில் ஐயமில்லை. முற்போக்காளரும் தேசியவாதிகளும் ஒருமித்து வரவேற்ற நிகழ்ச்சி அது. எனினும் அத்தளம் ஊருக்குச் சோறு போட்ட தொழிலகமுமாகும். கடற்படை வெளியேறியதும் தொழிலாளர் பலர் வேலையிழந்தனர். அவர்களுட் தமிழ்க் குடும்பங்களுக்குப் பதவியாக் குடியேற்றத்திற் காணி வழங்க அரசாங்கம் எண்ணியபொழுது, அங்கே சிங்களத் தொழிலாளர் முந்திக்கொண்டு நிலத்தைக் கைப்பற்றி எதிர்ப்புக் காட்டினர். 1958ஆம் ஆண்டுக் கலவரத்திற்கு முன்னோடியான பதற்றங்களுள் இதுவும் ஒன்று. தேசம் மீட்ட துறைமுகத்தில் உழைத்தவன் அத்தேசத்தின் குடியேற்றத்தில் அந்நியனானான். இந்நிகழ்ச்சி மாநாட்டுத் தீர்மானங்களைப் போல அதிகம் பேசப்படவில்லை. தொழிலாளர் வரலாறு எழுதப்படாத நாட்டில் அது வியப்பன்று.

அக்காலத்து இரு ஒப்பந்தங்களிற் பிரதேசம் பற்றிய கருத்து எவ்வாறு அமைந்திருந்தது என்பது கூர்ந்து படிக்கத்தக்கது. 1957 யூலை 26ஆம் நாளைய பண்டாரநாயக்க - செல்வநாயகம் ஒப்பந்தம் வட மாகாணத்தை ஒரு பிரதேச சபையாகவும் கிழக்கு மாகாணத்தை இரண்டு அல்லது மேற்பட்ட சபைகளாகவும் வகுக்க இடமளித்தது; சபைகள் மாகாண எல்லை கடந்து இணைவதற்கும் வழி வைத்தது. கிழக்கு ஒருபடித்தானதன்று என்பதை இருவரும் ஏற்றிருந்தனர் என்பது இதன் பொருள். 1958 ஏப்பிரலில் அது கைவிடப்பட்டது. 1965 மார்ச்சில் ஏற்பட்ட டட்லி - செல்வநாயகம் உடன்பாடு காணி வழங்கலில் ஒரு வரிசையை வகுத்தது. வடக்கு, கிழக்கு மாகாணங்களிற் காணி முதலாவதாக அம்மாவட்டத்தில் வாழும் நிலமற்றோருக்கு. இரண்டாவதாக அவ்விரு மாகாணங்களில் வாழும் தமிழ் பேசுவோருக்கு. மூன்றாவதாக நாட்டின் ஏனைய பிரசைகளுக்கு, அவர்களுள்ளும் பிற பகுதிகளில் வாழும் தமிழருக்கு முன்னுரிமையோடு.

மாவட்டம், மொழி, நாடு என்னும் இவ்வரிசை, எமது கருத்தில், இலங்கை அரசியலில் எழுதப்பட்ட மிக நிதானமான வாசகங்களுள் ஒன்று. முதற்படியில் மொழி கேட்கப்படவில்லை. கந்தளாயில் ஏற்கெனவே வாழும் சிங்கள விவசாயியின் நிலமற்ற மகனும், மூதூர் முஸ்லிமும், வெருகல் வேடனும் அப்படியில் ஒருங்கே நின்றனர். யாழ்ப்பாணத்து நிலமற்ற தமிழன் அவர்களுக்குப் பின்னாலேதான் வந்தான். பிரதேச அடையாளம் மொழி அடையாளத்துக்கு முந்தி நின்ற இடம் இதுவே. இவ்வுடன்பாடும் சட்டமாகவில்லை. 1968இல் உள்ளூராட்சி அமைச்சராயிருந்த மு. திருச்செல்வம் பதவி துறந்தமைக்கு உடனடிக் காரணம் திருகோணமலையே. கோணேசர் கோயிற் சூழலைப் புனித பிரதேசமாக்குவது குறித்து ஆராய அவர் அமைத்த குழுவைப் பிரதமர் கலைத்துவிட்டார். காணியிற் காணப்பட்ட நிதானம் கோயிலில் முறிந்தது என்க.

தமிழ்த் தேசியவாதத்தின் பக்கத்திலும் ஒரு வெற்றிடம் இருந்தது. ‘தமிழ் பேசும் மக்கள்’ என்ற தொடர் முஸ்லிம்களையும் உள்ளடக்கும் நல்லெண்ணத்தோடு ஆக்கப்பட்டது. 1956 தேர்தலிற் கிழக்கிலே தமிழரசுக் கட்சியின் சார்பில் முஸ்லிம்களும் வெற்றி பெற்றனர். ஆனால் அவர்கள் பின்னர் ஆளுங்கட்சியின் பக்கம் சாய்ந்ததைத் துரோகம் என்று மட்டும் விளக்குவது போதாது. 1888இலேயே பொன்னம்பலம் இராமநாதன் சோனகர் இனத்தால் தமிழரே என வாதிட, 1907இல் ஐ. எல். எம். அப்துல் அஸீஸ் அதனை மறுத்து நூல் எழுதியிருந்தார். அவ்விவாதம் தீர்க்கப்படாமலே தொடர் ஆக்கப்பட்டது. கிண்ணியாவிலும் மூதூரிலும் தமிழைத் தாய்மொழியாகப் பேசும் ஒருவர் அம்மொழியைக் கொண்டே தம் அரசியலை வகுக்க மறுக்கும்போது, மொழியே தேசத்தின் அடிப்படை என்னும் கொள்கை விடை கூற இயலாது தடுமாறுகின்றது. 1976ஆம் ஆண்டுத் தொகுதி நிர்ணயத்தினாற் சேருவில என்னும் புதிய தொகுதி பிறந்தது. 1977 தேர்தலில் இம்மாவட்டம் திருகோணமலையிலிருந்து ஒரு தமிழரையும் மூதூரிலிருந்து ஒரு முஸ்லிமையும் சேருவிலவிலிருந்து ஒரு சிங்களவரையும் பாராளுமன்றத்துக்கு அனுப்பியது. ஒரு மாவட்டம் மூன்று தேசியங்களின் எல்லைப்புறமாகிய படம் அது.

இடப்பெயர்களைப் பற்றியும் ஒன்று கூறவேண்டும். முதலிக்குளம் மொறவெவ ஆனது. பெரியவிளாங்குளம் மகாதிவுல்வெவ ஆனது. பின்னையதை நோக்குக: மகா என்பது பெரிய, திவுல் என்பது விளா, வெவ என்பது குளம். சொல்லுக்குச் சொல் மொழிபெயர்ப்பு. இரு மொழியினரும் ஒரே குளக்கரையில் ஒரே மரத்தையே கண்டுள்ளனர். இரு பெயரும் ஒரு பலகையில் இருப்பதற்குத் தடையொன்றுமில்லை. ஒன்று மற்றதை அகற்றும்பொழுதே பெயர் உரிமைப் பத்திரமாகின்றது. பெல்ஜியத்தில் 1960களின் தொடக்கத்தில் மொழி எல்லை சட்டத்தால் வரையப்பட்டபோது தலைநகர் பிரசெல்ஸ் இருமொழிப் பிரதேசமாக விடப்பட்டது. கலப்பு நிலம் ஒன்றனை எல்லைக்கோட்டின் ஒரு பக்கத்துக்குத் தள்ளாது விடுவது சாத்தியம் என்பதற்கு அது சான்று. அங்கும் சச்சரவு ஓயவில்லை என்பது வேறு.

1983க்குப் பின்னர் நிகழ்ந்த கொலைகளையும் இடப்பெயர்வுகளையும் இங்கு விரிப்பின் பெருகும். மூன்று சமூகத்தவரும் வெவ்வேறு காலங்களில் வெவ்வேறு கரங்களால் விரட்டப்பட்டனர். 1987 யூலை உடன்படிக்கையின் பின் வடக்கும் கிழக்கும் 1988இல் தற்காலிகமாக இணைக்கப்பட்டுத் திருகோணமலை தலைநகராயிற்று. கிழக்கு மக்களின் கருத்தறிய நடத்தப்படவேண்டிய சர்வசன வாக்கெடுப்பு ஆண்டுதோறும் ஒத்திவைக்கப்பட்டது. 2006 ஒக்டோபரில் உயர் நீதிமன்றம் அவ்விணைப்புச் செல்லாது எனத் தீர்ப்பளித்தது. இணைத்தபோதும் பிரித்தபோதும் மாவட்டத்தவரிடம் எவரும் கேட்கவில்லை. அதே ஆண்டு யூலையில் மாவிலாற்று மதகு அடைக்கப்பட்டதிலிருந்து இறுதிப் போர் தொடங்கியது. வாய்க்கால் வற்றியபோது வாடியவை மும்மொழிப் பெயர் கொண்ட வயல்களல்ல, வெறும் வயல்கள்.

தமிழும் அரசகரும மொழி என்று கூறிய 1987ஆம் ஆண்டின் பதின்மூன்றாந் திருத்தம் காணியைப் பற்றியும் விதித்துள்ளது. மாகாணங்களுக்கு இடையிலான நீர்ப்பாசனத் திட்டங்களிற் காணித்துண்டுகள் தேசிய இன விகிதாசாரப்படி பங்கிடப்பட வேண்டும்; அவ்விகிதத்துக்குட்பட்டே திட்டத்தால் இடம்பெயர்ந்தோருக்கும், மாவட்டத்து நிலமற்றோருக்கும், பின்னர் மாகாணத்து நிலமற்றோருக்கும் முன்னுரிமை. 1965இன் வரிசை இங்கே தலைகீழாயிற்று. மொழியுரிமை வழங்கிய அதே ஆவணம் பிரதேச உரிமையை நாட்டின் கணக்குக்குக் கீழே வைத்தது. 2012ஆம் ஆண்டுக் குடிசன மதிப்பின்படி திருகோணமலை மாவட்டத்தில் முஸ்லிம்கள் நூற்றுக்கு ஏறத்தாழ 40, தமிழர் 31, சிங்களவர் 27. நாடு முழுவதையும் எடுத்தால் முஸ்லிம்கள் நூற்றுக்குப் பத்துக்கும் குறைவு. கிண்ணியாவின் நிலமற்ற குடியானவன் தன் மாவட்டத்திலே ஐந்தில் இரண்டு பங்கினருள் ஒருவன். காணிப் பட்டியலிலோ பத்திலொரு பங்குக்கும் குறைந்தவருள் ஒருவன். அவன் பேசும் மொழிக்கு அப்பட்டியலைத் தமிழில் வாசிக்கும் உரிமை கிடைத்துள்ளது.